ஏலத்தில் போன பங்களாமுல்லை

மழைக்காலம் பிறந்தால் மற்றவர்களுக்குக் குடை நினைவு வரும். யேசுரத்தினத்துக்குச் சீனி நினைவு வரும். ரப்பர் மரங்கள் தளிர்விடும் மாசி, பங்குனியில் தேனீக்களுக்குக் கல்யாணச் சாப்பாடு. தளிர்க்காம்பில் ஊறும் இனிப்பை மொண்டு வந்து பெட்டியை நிறைத்துவிடும். தளிர் முற்றி இலையானதும் பந்தி முடிந்தது. அதன்பின் கார்த்திகை வரை அவற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது. சீனியைக் காய்ச்சிப் பாகாக்கி, சிரட்டையில் ஊற்றி, ஈக்கள் முங்கிச் சாகாமல் இருக்க ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டு, பெட்டி பெட்டியாக வைத்துக்கொண்டு போக வேண்டும். மாடு வளர்ப்பவன் வைக்கோல் போடுகிற மாதிரிதான். மாடாவது போட்டவனைப் பார்த்து ஒருமுறை தலையாட்டும். இவை கொட்டும்.

அருமனைக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் அவருடைய வீடு. பெட்டிகள் இருப்பதோ அதற்கும் மேலே, ஒரு கிராம்புத் தோட்டத்தில். அறுபது தாண்டிய முழங்காலோடு, சீனிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மேட்டில் ஏறும்போதெல்லாம், எந்த மடையன் இந்தத் தொழிலைக் கண்டுபிடித்தான் என்று வாய்விட்டுக் கேட்பார். பதில் சொல்ல அங்கே ஆளில்லை என்பதுதான் அந்தக் கேள்வியின் சுகம்.

அவருக்கும் ஒரு காலத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேனீக்களுக்குப் பைநோய் வந்தது. புழுக்கள் அடையின் அறைக்குள்ளேயே, நீர் கட்டிய பைபோல ஊதிச் செத்தன. கண்மூடித் திறப்பதற்குள் ஊரில் பெட்டிகளெல்லாம் காலி. யேசுரத்தினம் காலிப் பெட்டிகளை விறகோடு அடுக்கிவிட்டு ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினார். அங்கே ஏ.சி. பழுதுபார்க்கும் வேலை. அடுத்தவன் வீட்டைக் குளிரவைத்துவிட்டு, இவர் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு கிடந்தார். முதுகு இனி முடியாது என்று சொன்னபிறகு ஊர் திரும்பினார்.

"இனி என்ன செய்யப் போறிய?" என்று மனைவி செசிலி கேட்டாள்.

"பெட்டி வைக்கப் போறேன்."

"ஒரு தடவ எல்லாம் செத்து மண்ணாப் போனது காணாதா?"

போதாது போலிருக்கிறது. வைத்தார்.

கிராம்புத் தோட்டத்தின் உச்சியில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் எப்போதோ கட்டிய பங்களா ஒன்று கூரை போய் நிற்கிறது. ஒரு ஆனி மாதம், மழை வெறித்த இடைவெளியில், அதன் பின்பக்கம் போனவர் இரைச்சலைக் கேட்டு நின்றுவிட்டார். ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு புதர். வளைந்த கொப்பு முழுக்கப் பூ. இலை இரண்டிரண்டாக எதிரெதிரே நின்றது. அந்த இடுக்கில் பூவும் இரண்டிரண்டாக வந்தது. விரியும்போது வெள்ளை, மறுநாள் மஞ்சள். அதனால் ஒரே கொப்பில் இரண்டு நிறமும் கலந்து கிடந்தது. அவருடைய ஈக்கள் மொத்தமும் அங்கேதான் இருந்தன. பட்டினி மாதத்தில் அவை அப்படி மொய்த்து அவர் கண்டதே இல்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்ட பிறகும் அந்த மனிதர் நனைந்துகொண்டே நின்று சிரித்தார்.

தோட்டத்தில் யாருக்கும் அந்தச் செடியின் பெயர் தெரியவில்லை. பங்களாவுக்குப் பின்னால் நின்றதால், பங்களாமுல்லை என்று இவரே வைத்துக்கொண்டார். கொப்பை ஒடித்து ஈரமண்ணில் குத்தினால் போதும், பிடித்துக்கொண்டது. பெட்டிகளைச் சுற்றி வைத்தார். ஓடையின் கரையோடு, காட்டு எல்லைக் கல் வரைக்கும் வைத்துக்கொண்டு போனார். சில வருடங்களில் சீனிச் சாக்கின் எடை பாதியாகக் குறைந்தது. முழங்காலும் முதுகும் அவருக்கு நன்றி சொல்லியிருக்கும்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. அவருடைய சபையில் ஆவணி மாதம் அறுப்பின் பண்டிகை. அவரவர் வீட்டில் விளைந்ததில் நல்லதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைக்குலை, சேனை, மரச்சீனிக்கிழங்கு, காலைக் கட்டிய கோழி. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். அங்கே யாரும் பொருளுக்காகக் கேட்பதில்லை. ஒரு தேங்காய் கடைவிலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் அதை ஆண்டவருடைய கையிலிருந்து வாங்கிய மாதிரி மரியாதையாக வீட்டுக்குக் கொண்டுபோவார். யேசுரத்தினம் வழக்கமாக ஒரு குப்பி தேன் வைப்பார். ஒரு வருடம் தேனோடு, வேர் பிடித்த பங்களாமுல்லைக் கன்றுகளையும் பூவோடு கொண்டுபோய் வைத்தார்.

ஏலம் கூறுவது சபைக் கமிட்டியில் இருந்த எட்சன். அவருக்கு வாய்தான் மூலதனம். "மழைக்காலத்துலயும் தேன் சொரியக்கூடிய செடியாக்கும்! நம்ம ரத்தினம் மலையில கண்டெடுத்தது!" என்று அவர் தூக்கிப் பிடித்ததும் போட்டி போட்டுக் கேட்டார்கள். கடைசிக் கன்றும் போனபோது கூட்டம் கைதட்டியது. யேசுரத்தினத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவருக்காக யாரும் கைதட்டியது அதுவே முதல் தடவை. அதன்பின் வருடா வருடம் கன்று கொண்டுபோனார். மனிதன்தானே.

இரண்டாம் வருடம் பெண்கள் பக்கமிருந்து ராகேல் கேட்டாள். அதற்குச் சில மாதம் முன்புதான் அவளுடைய ஒரே மகன் பிரபின், குலசேகரம் சாலையில் பைக்கோடு விழுந்து இறந்திருந்தான். யார் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எட்சன்கூட ஒரு தரம், இரண்டு தரம் என்று இழுக்காமல் கன்றை அவள் கையில் கொடுத்தார். ராகேல் அதைக் கல்லறைத் தோட்டத்தில், பிரபினுடைய மண்மேட்டின் தலைப்பக்கம் நட்டாள். ஊருக்குள் மற்ற வீடுகளில் செடி வளர்ந்ததே தவிர மலையில் பூத்த அளவுக்குப் பூக்கவில்லை. ராகேல் நட்டது மட்டும் பூத்துத் தள்ளியது. காய்ச்சலில் கிடந்தாலும் அவள் அதற்கு வெள்ளம் ஊற்றப் போவாள் என்று செசிலி சொல்வாள்.

இந்த வருடம் ஆடி மாதம் ரேஷ்மி வந்தாள். வனத்துறைக்காகக் காட்டில் இருக்கும் செடிகளைப் பார்த்து ஆராயும் வேலை அவளுக்கு. முப்பது வயது இருக்கும். காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம், கையில் அட்டையை உதிர்க்க ஓர் உப்பு முடிச்சு. எல்லைக் கல்லின் பக்கம் நின்று பங்களாமுல்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது தானா வந்ததா, வச்சதா?"

"நான் வச்சதாக்கும்," என்றார் யேசுரத்தினம், நெஞ்சு நிமிர்ந்து. "பங்களாமுல்ல. மழைக்காலத்துல தேன் ஈச்சைக்கு இத விட்டா வேற கதி இல்ல, மக்ளே."

அவள் கொப்பை வளைத்து இலையைத் திருப்பினாள், இரட்டைப் பூவைக் கிள்ளி முகர்ந்தாள். முற்றிய கொப்பு ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டி நடுவில் பார்த்தாள். உள்ளே தண்டின் சோற்றுச்சதை இல்லை; குழல்போல ஓட்டையாக இருந்தது.

"இது முல்ல இல்ல மாமா. ஹனிசக்கிள்னு சொல்லுவாங்க. இந்த மலைத்தொடர்லயே இதுக்கு ஒரு சொந்தக்காரி உண்டு. மேல, சோலைக்காட்டுப் பக்கம். அதுவும் ரெண்டு ரெண்டாத்தான் பூக்கும். வெள்ளையா விரிஞ்சு மஞ்சளாவும். அதுன்னா பிரச்சினையே இல்ல."

"பின்ன அதுதான்," என்றார் யேசுரத்தினம்.

"அது மரத்தச் சுத்திப் பிடிச்சு ஏறும் மாமா. இலைக்கு அடியில நெருக்கமா ரோமம் இருக்கும். இது தனியா புதரா நிக்குது, இலையும் வழுவழுன்னு இருக்கு. வெளிநாட்டுக்காரின்னுதான் எனக்குத் தோணுது. ஆனா தோணுததை வச்சு வெட்டச் சொல்ல முடியாதுல்லா. பழத்தப் பாத்தா உறுதியாச் சொல்லிரலாம்."

"வெளிநாட்டுக்காரின்னா என்ன செய்வியோ?"

"வேரோட எடுக்கணும். குருவி பழத்தத் தின்னுட்டுக் காட்டுக்குள்ள போய் எச்சமிடும். அங்கெல்லாம் முளைக்கும். இது அடைச்சு நின்னா அடியில வேற ஒண்ணும் தலையெடுக்காது." அவள் ஒரு வேரின்மேல் உட்கார்ந்து அட்டையைத் தட்டிவிட்டாள். அவளும் களைத்துத்தான் இருந்தாள். "நான் நினைக்கது சரின்னா பழம் ரத்தச் சிவப்பா, மணி மாதிரி, ஜோடி ஜோடியா இருக்கும். நீங்க பாத்திருக்கியளா?"

பார்த்திருக்கிறார். ஒவ்வொரு கார்த்திகையிலும் பார்த்திருக்கிறார். கொண்டைக்குருவிகள் சண்டை போட்டுக்கொண்டு தின்பதைப் பார்த்து, ஆண்டவர் இவற்றுக்கும் வழி வைத்திருக்கிறார் பார் என்று செசிலியிடம் சொல்லியும் இருக்கிறார்.

"கண்ணுல பட்டதில்ல, மக்ளே," என்றார்.

"கீழ ஊருக்குள்ள எங்கயாவது உண்டா?"

"அறியாது."

ரேஷ்மி நம்பிவிட்டாள். அதுதான் அவருக்குப் பெரிய தொந்தரவாகப் போயிற்று. சந்தேகப்பட்டு இரண்டு கேள்வி கேட்டிருந்தால் கோபப்பட்டாவது ஆறியிருப்பார். அவளோ தன் போன் நம்பரைக் கொடுத்து, காய் பழுத்தால் ஒரு கொப்பை ஒடித்து வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள் மாமா என்று சொல்லி, நொண்டிக்கொண்டே இறங்கிப் போனாள்.

அந்த ஆவணிப் பண்டிகைக்கு அவர் வெறும் தேன்குப்பியோடு போனார். "என்னவே, முல்லயக் காணல்ல?" என்று எட்சன் கேட்டதற்கு, "இந்த வருசம் தண்டு பிடிக்கல்ல," என்றார். ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு இன்னொன்று வேண்டியிருக்கிறது. தேனீ வளர்ப்பைவிடக் கஷ்டமான பராமரிப்பு அது.

பார்க்காமல் இருந்தவரைக்கும் தொல்லை இல்லை. இப்போது மலையேறும்போது கண் தானாகத் தேடியது. ஒரு நாள் ஓடையைத் தாண்டிக் காட்டுப் பக்கம் ஏறினார். அவர் நடாத இடத்தில் பங்களாமுல்லை நின்றது. இன்னும் ஏறினார். அங்கேயும் முழங்கால் உயரத்துக்குக் கூட்டமாக நின்றது. திரும்பி வந்து, தான் முதலில் நட்ட பெரிய புதர்களுக்கு அடியில் குனிந்து பார்த்தார். முன்பு அங்கே காட்டு ஏலமும் பெரணியும் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். இப்போது வெறும் மண். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். 

வீட்டுக்கு வந்து செசிலியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இதுக்கு ஏன் இப்பிடி மோறையத் தொங்கப்போட்டுட்டு இருக்கிய? அந்தப் பிள்ளையக் கூப்பிட்டுச் சொல்லிர வேண்டியதுதானே?"

"சொன்னா மேல உள்ளத அவங்க எடுத்திருவாங்க. கீழ வீட்டுமுத்தத்துல நிக்கதுக்கு யாரு பொறுப்பு? ஒண்ணு நின்னாலும் குருவி திரும்ப மேல கொண்டுபோவும். எல்லாத்தையும் பிடுங்கணும். ராகேல் வச்சதையும்."

செசிலி அரிந்துகொண்டிருந்த காயை அப்படியே வைத்தாள். "ஐயோ, அவளுக்க கிட்ட எப்பிடிச் சொல்லுவிய?" என்றாள்.

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. ஈக்கள் பட்டினி கிடந்தால் சீனி சுமக்கலாம். பெட்டி குறைந்தால் தேனும் குறையும், அவ்வளவுதான். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் பெற்ற பிள்ளையின் மண்மேல் நிற்கும் செடியைப் பிடுங்கு என்று எந்த வாயால் ஒருத்தியிடம் சொல்வது?

கார்த்திகையில் பழம் சிவந்தது. ரேஷ்மி சொன்ன அதே சிவப்பு, அதே ஜோடி. யேசுரத்தினம் ஒரு கொப்பை ஒடித்து மடியில் வைத்துக்கொண்டு போன் செய்தார். மறுநாள் அவள் வந்து பார்த்தாள். கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி எதுவும் அவள் முகத்தில் இல்லை.

"அதேதான் மாமா."

"நான் முன்னமே கண்டிருக்கேன் மக்ளே. நீ கேட்டப்ப பொய் சொன்னேன். ஊருக்குள்ளயும் உண்டு. நான் கொடுத்ததுதான்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா பூவோடயே எடுத்திருக்கலாம். இந்த வருசப் பழம் குருவி வயித்துக்குள்ள போயிருக்காது," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மேலே வனத்துறை ஆட்கள் பிடுங்கத் தொடங்கினார்கள். அவரும் கூட நின்று பிடுங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எட்சனைத் தனியே கூட்டிக்கொண்டு போய், கோயிலில் ஓர் அறிவிப்புக் கொடுக்கச் சொன்னார்.

எட்சனுக்கு முகம் சிவந்தது. "வே, ஆண்டவருக்குன்னு கொண்டு வச்சத நானே நின்னு ஏலம் கூறியிருக்கேன். சனங்க பக்தியோட கேட்டு வாங்கியிருக்கு. இப்ப அது களையாக்கும், பிடுங்கி எறிங்கன்னு நானே நின்னு பறையணுமா?"

"காணிக்கையில குத்தமில்ல. நான் கொண்டுவந்த செடியிலதான் குத்தம்."

"அப்பம் நீரே போய்ச் சொல்லும்."

சொன்னார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, கைதட்டியவர்களின் வாசலில் எல்லாம் ஏறி இறங்கினார். சிலர், நல்லதாகப் போயிற்று, பாம்பு அடைகிறது என்று உடனே விட்டார்கள். சிலர் கோயிலில் எடுத்ததைத் தொடக்கூடாது என்று மறித்தார்கள். அவர்களிடம் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போனார். ஒருவர், செடிக்குப் பதிலாக ஒரு குப்பி தேன் வை என்றார், வைத்தார். கன்று ஏலம் போன நாட்களில் கிடைத்த சாயா இப்போது எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை. கடைசியில் எட்சனே தன் வீட்டுப் புதரை இழுத்துப் பிடுங்கிச் சாலையில் போட்டார். போட்ட விதம் சரியில்லை என்றாலும் வேர் முழுசாக வந்திருந்தது. அதற்குமேல் இவருக்கு எதிர்பார்ப்பும் இல்லை.

எல்லாம் முடிந்து ஒன்றுதான் மிச்சம். கால் அந்தப் பக்கம் போகவே மறுத்தது. ஒரு சாயங்காலம், இனியும் தள்ளிப்போடத் தெம்பில்லை என்று தோன்றியபோது, கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ராகேல் மண்மேட்டில் உதிர்ந்த இலைகளைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே," என்றாள், நிமிராமலே. "எல்லா வீட்டுலயும் ஆச்சுன்னு கேட்டேன். இஞ்ச எப்ப வருவியளோன்னு நினைச்சுட்டுத்தான் இருந்தேன்."

யேசுரத்தினம் மண்வெட்டியைக் கீழே வைத்தார். சொல்லத் தயாரித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. "நான்தான் கொண்டுவந்தேன் ராகேலு. தெரியாமச் செஞ்சது. தெரிஞ்ச பிறகும் கொஞ்ச நாள் மறைச்சது," என்றார்.

"பழத்துலதானே தொந்தரவு? நான் தினமும் வாரேன்லா. ஒண்ணு விடாமப் பறிச்சு அடுப்புல போட்டிருதேன்."

"ஒனக்கு வர முடியாமப் போனா?"

"வராம இருப்பனா நான்?"

"இருக்கமாட்ட. எனக்குத் தெரியும். நமக்குப் பிறகு யாரு வருவா?"

வரவேண்டியவன் அங்கேதான் கிடந்தான். இதைக் கேட்டிருக்கவே கூடாது என்று யேசுரத்தினம் தன்னையே நொந்துகொண்டார்.

"மேல மட்டும் வெட்டினா காணாதா?" என்றாள்.

"வெட்டினா கூடுதலாக் கிளம்பும்."

ராகேல் செடியின் தண்டைப் பிடித்துக்கொண்டாள். "வேரு எம்புட்டு ஆழம் போயிருக்கும் அண்ணே?" என்று கேட்டாள்.

அவள் கேட்பது எதை என்று அவருக்குப் புரிந்தது. அவன் கிடக்கும் ஆழத்துக்குப் போயிருக்காது என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. பொய் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தது. "தெரியல்ல ராகேலு," என்றார்.

"உங்க ஈச்சையெல்லாம் இனி என்னத்தத் தின்னும்?"

"சீனிதான்."

"இந்தக் காலையும் வச்சுக்கிட்டு மறுபடி சுமக்கணுமா?"

"சுமக்கணும்."

அவள் அவருடைய முழங்காலையும் மண்வெட்டியையும் பார்த்தாள். பிறகு எழுந்து, பூப்போல ஜோடி ஜோடியாகச் சிவந்து கிடந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பறித்துச் சேலை முந்தானையில் போட்டுக்கொண்டாள். அவரும் சேர்ந்து பறித்தார். கொப்பு வெறுமையானதும், "தோண்டுங்க," என்றாள். "மண்வெட்டி வேண்டாம். கையால தோண்டுங்க."

யேசுரத்தினம் மண்டியிட்டுக் கையால் தோண்டினார். மழை பெய்து மண் இளகிக் கிடந்தது. பக்கவேர்கள் சுலபமாக வந்தன. நடுவில் ஒரு வேர் மட்டும் பெருவிரல் கனத்தில் நேரே கீழே இறங்கியது. அதைப் பற்றிக்கொண்டே முழங்கை வரை போனார், தோள் வரை போனார். முடிவு தட்டுப்படவில்லை. அதற்குமேல் கையை விட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. குழிக்குள் கையை வைத்துக்கொண்டே அந்த மனிதர் அழுதார்.

ராகேல் பக்கத்தில் உட்கார்ந்து குழிக்குள் கையை நீட்டி அவர் கையைத் தொட்டாள்.

"போதும் அண்ணே. அங்கனயே அறுத்திருங்க. அதுக்குக் கீழ உள்ளத அவன் பாத்துக்கிடுவான்."

யேசுரத்தினம் மடியிலிருந்த கத்தியை எடுத்து வேரை அறுத்தார். ராகேல் இரண்டு கையாலும் மண்ணை இழுத்துக் குழியை மூடினாள்.